ஜெபக் குறிப்பில் வரக்கூடாத நோய்கள்

சபை மக்களின் உடல்நலத்தைக் கவனிக்க ஒரு நர்ஸை வைத்து நர்ஸ் ஊழியம், சுகாதார ஊழியம் என்று சபையில் ஆரம்பிக்கும்போது கொள்கைகள் எழுதி ஒரு தாள் தயாராகும். அன்பு, இரக்கம், தாழ்மை எல்லாம் அதில் இருக்கும். யாருக்கு ஆட்சேபம் வரப்போகிறது? நான் அந்தத் தாளில் தேடுவது வேறொரு வரியை. ஒருவருடைய நோயைப் பற்றி நர்ஸிடம் சொன்னது, அவர் சம்மதம் இல்லாமல் போதகர் காதுக்குக்கூடப் போகாது. இந்த வரி இல்லாவிட்டால் ஊழியத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

மருத்துவமனையில் நர்ஸ் யாரோ, நோயாளி யாரோ. சபையில் அப்படி இல்லை. இரண்டு பேர் பிள்ளைகளும் ஒரே ஞாயிறு பள்ளியில் படிப்பார்கள். ஆராதனை முடிந்து ஒரு சகோதரி தயங்கித் தயங்கி, மார்பில் கட்டி மாதிரி தெரிகிறது என்கிறார். அடுத்த ஜெபக் கூட்டத்தில், "பெயர் வேண்டாம், நம் பாடகர் குழுவில் உள்ள ஒரு சகோதரிக்காக பாரத்தோடு ஜெபிப்போம்." பாடகர் குழுவில் பெண்களே நான்கு பேர்தான்! சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஜெபம் என்று போவதால் அது புறணி என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள்: இங்கே வாயைத் திறக்கக்கூடாது. மன அழுத்தம், கருச்சிதைவு, குடிப் பழக்கம், எச்ஐவி, வீட்டில் அடி உதை என்று யாருக்கு இந்த ஊழியம் மிகவும் தேவையோ, அவர்கள்தான் முதலில் ஒதுங்குவார்கள்.

லூக்கா 5-இல் குஷ்டரோகியைக் குணமாக்கிய இயேசு, இதை ஒருவருக்கும் சொல்லாதே என்கிறார். போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்கிறார். குணமாயிற்றா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்றைய நியாயப்பிரமாணப்படி ஆசாரியனுடையது. ரகசியம் காப்பதும், பார்க்கவேண்டியவரிடம் அனுப்புவதும் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன.

விதிவிலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ மூடி வைக்கக்கூடாது. ஆனால் அதையும், நர்ஸிடம் வருபவர்கள் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊழியத்தின் இன்றைய வடிவம் 1980-களின் நடுவில் சிகாகோ பகுதியில் உருவானது. கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர் அதைத் தொடங்கினார். அவர் மருத்துவமனை சாப்ளினாகவும், அதாவது நோயாளிகளுக்கு ஆவிக்குரிய துணையாக நிற்கும் போதகராகவும் இருந்தவர். அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1998-இல் இதற்கென்று தர விதிகளே வெளியிட்டது. இதில் நர்ஸின் வேலை ஊசி போடுவதோ டிரிப் ஏற்றுவதோ அல்ல. காது கொடுத்துக் கேட்பது, புரியும்படி விளக்குவது, சரியான இடத்துக்கு அனுப்புவது, தன்னார்வலர்களைப் பழக்குவது. ஆலய வளாகத்தில் அரைகுறையாக ஒரு கிளினிக் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று பாடிவிட்டு, படியேறி வந்து, வரிசையில் பேசிக்கொண்டே கையை நீட்டினால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக்கு மேல் பட்டை சுற்றக்கூடாது, பேசக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போதும் 140/90-க்கு மேல் இருந்தால், "டாக்டரிடம் காட்டுங்கள்" என்பதோடு நர்ஸ் நிறுத்திக்கொள்ள வேண்டும். "உங்களுக்கு பிபி இருக்கிறது" என்று ஒரே அளவை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் அல்லது கை கால் தளர்ச்சி இருந்தால் மட்டும் பேச்சே வேண்டாம், உடனே அவசர சிகிச்சை.

அப்புறம் அந்த மாத்திரை விவகாரம். "விசுவாசித்தேன், மாத்திரையைத் தூக்கி எறிந்தேன்" என்ற சாட்சிக்குக் கைதட்டல் எழும்போது, கீழே இன்சுலின் போடுபவரும் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். யாக்கோபு 5-ஆம் அதிகாரம் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது, உண்மைதான். அதே வேதத்தில் பவுலோடு வைத்தியனாகிய லூக்காவும் இருந்தார். மாத்திரையை நிறுத்துவது ஆபத்து என்று போதகரிடம் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை நர்ஸுக்கு எழுத்திலேயே இருக்க வேண்டும். தாழ்மை என்று சொல்லி வாயை அடைத்துவிடக்கூடாது.

ஜெபிக்கும் முன்பும் கேட்க வேண்டும். பார்வையற்ற பர்திமேயுவிடம்கூட, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார். நாம் கேட்காமலே தலையில் கை வைத்துவிடுகிறோம். சபைக்கு வராதவருக்கும் இதே கவனிப்புதான். வருகைப் பதிவு பார்த்து உதவி செய்வது ஊழியத்தில் சேராது.

கடைசியாக, பதிவேடு. அது ஆலய அலுவலக மேசையில் காணிக்கைக் கவர்களோடு கிடக்கக்கூடாது. பூட்டிய அலமாரி வேண்டும், சாவி நர்ஸிடம் இருக்க வேண்டும். அவர் வேறு ஊருக்குப் போனால் யாரிடம் ஒப்படைப்பது, எத்தனை ஆண்டு வைத்து அழிப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி, போதகரும் மூப்பர்களும் கையெழுத்துப் போடட்டும்.