முதலில் சரிவைப் பாருங்கள், பிறகு மனை பிரியுங்கள்

பெங்களூரில் புதிய லேஅவுட் உருவாகும் விதத்தை நான் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஜேசிபி வரும். மேட்டை வெட்டிப் பள்ளத்தைத் தூர்த்து நிலத்தைச் சமமாக்குவார்கள். நின்ற மரங்கள் போய்விடும். அப்புறம் 30க்கு 40, 40க்கு 60 என்று கல் நடுவார்கள். எதற்கும் உதவாத மூலை ஒன்று மிஞ்சினால் அது பூங்கா. அந்த மண் எந்தப் பக்கம் சரிகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை. இந்த வரிசையை அடியோடு மாற்ற வேண்டும் என்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பெரிய ஆறு கிடையாது. அதனால்தான் முன்னோர்கள் சரிவு பார்த்து ஏரிகளைச் சங்கிலியாக வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் உபரி நீர் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்தச் சங்கிலியில்தான் நாம் கை வைத்தோம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரிப் படுகையில் கண்டீரவா ஸ்டேடியம். கோரமங்களா ஏரியில் தேசிய விளையாட்டுக் கிராமத்தின் அடுக்குமாடிகள்.

2022 செப்டம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சர்ஜாபூர் சாலையில் ரெயின்போ டிரைவ் என்ற குடியிருப்பு, மழைநீர் சேகரிப்புக்கு நகரமே உதாரணம் காட்டிய இடம். வளாகம் முழுக்க உறைகிணறுகள் வெட்டி, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து வாழ்ந்த மக்கள். அவர்களையும் டிராக்டரிலும் படகிலும்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இடம் தாழ்வானது, மேலிருந்து இறங்கிய வெள்ளம் வெளியேறுவதற்குக் கால்வாயில் போதிய வழி இல்லை. சுற்றுச்சுவருக்குள் எவ்வளவு அக்கறையாக இருந்தாலும், சுவருக்கு வெளியே நீர்வழி அடைபட்டிருந்தால் பயனில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

அதனால், மனை வரைபடத்துக்கு முன்பே நிலத்தின் ஏற்ற இறக்க வரைபடம் தயாராக வேண்டும். ஓடைகளை அப்படியே விட்டுவிட்டு, இருபுறமும் புல்லும் மரமும் வளர இடம் ஒதுக்க வேண்டும். பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் அங்கேயே, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில், வைக்க வேண்டும். கனமழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் திடலுக்கு ஒன்றும் ஆகாது. யார் வீட்டுக்குள்ளும் நுழையாது. சாலைகளும் சரிவை ஒட்டியே வளைந்து போகட்டும்.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய புங்கமரத்தையோ நாவல் மரத்தையோ வெட்டாமல் விட்டோம் என்று பெருமை பேசுவார்கள். ஆனால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண் கொட்டி நிரவியிருப்பார்கள். நீரையும் காற்றையும் இழுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான், கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். அதன் மேல் மண்ணேற்றினால் வேர் மூச்சுத் திணறி, சில வருடங்களில் மரம் பட்டுப்போகும். மரத்தைக் காப்பது என்றால் அது நிற்கும் மண்மட்டத்தையும் காப்பதுதான். 2016 ஏப்ரலில் இந்த ஊர் 39.2 டிகிரியைப் பார்த்தது. பெங்களூரில் மின்விசிறியே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த தலைமுறை நாம். முற்றிய மரத்தின் நிழலை, நுழைவாயிலில் வரிசையாக நடும் அலங்காரப் பனைகள் தந்துவிடாது.

தண்ணீர்க் கணக்கு எளிது. இங்கே ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர். 1200 சதுர அடிக் கூரையில் மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரிக்கும் டேங்கர் லாரிக்கும் காத்திருக்கிறோம். 2024 கோடையில் தண்ணீருக்குப் பட்ட பாடு போதாதா? கழிவுநீருக்கும் வழி உண்டு. ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீர் நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பைக் கடந்துதான் ஏரியில் சேர்கிறது. அந்த யோசனையைச் சிறிய அளவில் ஒரு குடியிருப்புக்குள்ளும் செய்யலாம்.

இப்படிச் செய்தால் விற்க மனை குறையும் என்பார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் விற்பவர் இரண்டு வருடத்தில் போய்விடுவார்; முப்பது வருடம் அங்கே குடியிருந்து, வீட்டுக் கடனும் கட்டி, வெள்ளமும் வாருவது வாங்கியவர்.

சந்தாபுரம், அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் மனை தேடும் நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்குமுன் கிராம வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். 'பி கராப்' என்று குறித்த நிலம் பொதுவானது. ஓடையும் வண்டிப்பாதையும் அதில்தான் வரும். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைப் பார்த்தால் அருகிலுள்ள ஏரியும் காலுவேயும் தெரியும். வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டும்போது இதையும் காட்டுங்கள்.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்த நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகிறது. அங்கே பொங்கும் நுரையைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இங்கே ஒரு லேஅவுட் ஓடையை மூடி அதில் சாக்கடையைக் கலந்தால், கிருஷ்ணகிரி விவசாயி அந்தத் தண்ணீரில்தான் பயிர் செய்ய வேண்டும். ஆகவே இதை வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட முடியாது. ஏற்ற இறக்க வரைபடமும், ஓடைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்ற விவரமும் இல்லாத எந்த லேஅவுட்டுக்கும் அரசு அனுமதி தரக்கூடாது.