புத்தகம் முடிச்ச அன்னைக்கு எழுதாதீங்க, ஒரு வருஷம் கழிச்சு எழுதுங்க

காசு, காதல், குடி. நம்ம கொங்குப் பக்கம் புத்தகம் விக்கிற யாரை வேணா கேட்டுப் பாருங்க, இந்த மூணு பத்தின புத்தகத்துக்குத்தான் ஆளு தேடி வருதும்பாங்க. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுல ஸ்டால்ல நின்னவங்களுக்கு நல்லாவே தெரியும். பணம் சேக்கற புத்தகமும் குடும்ப நாவலும் அடுக்கி வெக்க வெக்கப் போயிட்டே இருக்கும். குடியை விடறது பத்தின புத்தகத்தை மட்டும் யாரும் வாயைத் தொறந்து கேக்க மாட்டாங்க. எடுத்து நாலு பக்கம் புரட்டிட்டு, தெரிஞ்சவங்க யாராச்சும் நிக்கறாங்களான்னு ஒரு பார்வை பார்த்துட்டு, கொழந்தைங்க கதைப் புத்தகத்துக்கு அடியில வெச்சு பில்லு போடக் குடுப்பாங்க.

இத்தனை பேரு வாங்கற புத்தகத்தைப் பத்தி வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு தேடிப் பார்த்தா எனக்கு வெசனமாத்தான் இருக்குது. இலக்கியக் கூட்டத்துல இதையெல்லாம் புத்தகம்னே சேத்துக்க மாட்டாங்க, அது ஒரு பக்கம். வாசகருங்க எழுதறதும் முக்காவாசி ஒரே மாதிரி, "படிச்சு முடிச்சேன், என்ற வாழ்க்கையே மாறிடுச்சு, அஞ்சு ஸ்டாரு." முந்தாநேத்து வாங்கின புத்தகம் நேத்து ராத்திரி முடிஞ்சு இன்னைக்குக் காலையில வாழ்க்கை எப்படிங்க மாறும்? மாறோணும்ங்கற ஆசை வந்திருக்குது, அது நல்ல விசயம்தான், அதை நான் கொறை சொல்லல. ஆனா அடுத்து வாங்கப் போறவங்களுக்கு அந்த ஆசையினால ஒரு பிரயோசனமும் இல்ல. ஒரு நாவல் நல்லா இருக்குதா இல்லையான்னு முடிச்ச அன்னைக்கே சொல்லிரலாம். இதைச் செய், அதை விடுன்னு சொல்ற புத்தகம் நல்லதா கெட்டதான்னு செஞ்சு பார்த்த பொறவுதான தெரியும்?

காசு விசயத்தையே எடுத்துக்குவோம். தமிழ்ல வர்ற பணப் புத்தகத்துல பாதி அமெரிக்காவுல எழுதினது. அங்கத்த வரி, அங்கத்த ஓய்வூதியக் கணக்கு, அங்க வீட்டுக் கடன் கெடைக்கற வட்டி. மீதி நம்ம நாட்டுல எழுதினதுன்னாலும் மாசம் ஒண்ணாந் தேதி அக்கவுண்ட்ல சம்பளம் விழற ஆளை நெனச்சு எழுதினது. திருப்பூர்ல பீஸ் ரேட்டுக்கு டெய்லர் வேலை செஞ்சு சனிக்கெழம சனிக்கெழம கூலி வாங்கறவங்களுக்கு, ஆர்டர் இல்லாத மாசத்துல பாதி வாரம் வீட்டுல உக்காந்திருக்கறவங்களுக்கு, "சம்பளத்துல இருபது சதவீதம் எடுத்து வெச்சுருங்க"ன்னா எந்த வாரத்துச் சம்பளத்துல எடுத்து வெப்பாங்க? சோமனூர் பக்கம் தறி ஓட்டற ஒரு அண்ணன் எங்க வாசகர் வட்டத்துல பேசினாரு, "புத்தகத்துல சொன்ன மாதிரி மியூச்சுவல் ஃபண்டு போட்டேனுங்க, பன்னெண்டு பர்சென்ட் வரும்னு போட்டிருந்தாங்க, அதே சமயத்துல மூணு வட்டிக்குக் கடனும் கட்டிட்டு இருந்தேனுங்க"ன்னு. மூணு வட்டின்னா வருஷத்துக்கு 36 பர்சென்ட். ரெண்டு வட்டின்னாலே 24, கட்டாம விட்டு மாசாமாசம் வட்டிக்கு வட்டி ஏறினா மூணு வருஷத்துக்குள்ளயே ரெட்டிப்பாயிரும். கடனை மொதல்ல அடைங்கன்னு அந்தப் புத்தகத்துலயும் ஒரு பக்கம் இருக்குதாம், ஆனா அந்தப் பக்கம் சப்புன்னு இருந்துச்சு, பணக்காரன் ஆகற பக்கம் நல்லா இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு. இதுதாங்க எனக்கு வேண்டிய விமர்சனம். இதைப் படிச்சா அடுத்த ஆளு அந்தச் சப்புன்னு இருக்கற பக்கத்துல நின்னு படிப்பாரு.

அதே மாதிரி ஒரு அக்கா, பவானிக்காரங்க, புத்தகத்துல வட்டிக் கணக்கு போடற மொறைய மட்டும் கத்துக்கிட்டு, தான் கட்டிட்டு இருந்த ஏலச்சீட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்திருக்காங்க. மூணாவது மாசமே தள்ளுபடி குடுத்து ஏலத்துல எடுத்தா எவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்கின மாதிரி ஆகுது, கடைசி வரைக்கும் இருந்து எடுத்தா எவ்வளவு நிக்குதுன்னு நோட்டுல எழுதிக் கொண்டாந்து காட்டினாங்க. பதிவு பண்ணின சீட்டுன்னா 1982 சட்டம் இருக்குது, நடத்தறவங்களுக்கு அஞ்சு பர்சென்டா இருந்த கமிஷனை 2019ல ஏழாக்கினாங்க, பதிவே இல்லாத சீட்டுன்னா நடத்தறவரு மூஞ்சியப் பார்த்துத்தான் பணம் போடறோம்னு அவங்க அன்னைக்கு வெளக்கின மாதிரி எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கல. சீட்டே ஓடாத ஊருக்காரங்க எழுதின புத்தகத்துல சீட்டு எங்கிருந்து வரும், அதை நம்மதான சேக்கோணும்.

நம்ம ஊருக்கு இது ரொம்பவே வேணும்ங்க. 2012ல பெருந்துறையில ஈமு கோழிப் பண்ணை மோசடி வெடிச்சப்ப பணம் போட்டவங்கள்ல படிக்காதவங்க மட்டுமா இருந்தாங்க? மாசாமாசம் வீடு தேடிப் பணம் வரும்னு சொன்னதை நம்பினவங்கள்ல வாத்தியாரும் இருந்தாங்க, ரிட்டயர்டு ஆபீசரும் இருந்தாங்க. ஏமாத்தினவங்களைக் கோர்ட்டு பார்த்துக்கிச்சு. ஆனா "தூங்கும்போதும் பணம் வரோணும்"ங்கற வாசகத்தை இன்னைக்கும் புத்தக அட்டையில பார்க்கறப்பல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குது. பேங்க்ல போட்ட பணத்துக்கே ஒரு பேங்குக்கு ஒரு ஆளுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ், அதுவும் 2020ல இருந்துதான் அஞ்சு, முன்னாடி ஒரு லட்சம். இந்த மாதிரி சாதாரண விசயத்தைச் சொல்ற புத்தகத்துக்கு "போரு"ன்னு ரெண்டு ஸ்டார் போடறாங்க, பாவம் அதை எழுதினவங்க.

காதல் நாவல் பக்கம் வந்தா நெலமை தலைகீழு. அங்க வாசகருங்க பேசற மாதிரி வேற எங்கயும் பேசறதில்ல. மாத நாவலைப் பொட்டிக்கடையில வாங்கிப் படிச்சு கைமாத்திவிட்ட காலத்துலயே பேசினாங்கதான், இப்ப ஆன்லைன்ல தொடரா வர்றதுனால எபி (எபிசோடு) போட்ட அரை மணி நேரத்துல எழுதினவங்களைக் கேள்வி கேட்டுப் போடறாங்க. கம்பெனி பஸ்ல உக்காந்து, மிஷின் நின்னு கெடக்கற நேரத்துல, கொழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பிச்சுட்டு வெந்நீர் காயற நேரத்துல டைப் பண்றாங்க. நெறையப் பேரு "அடுத்த யூடி (அப்டேட்) எப்போ"ன்னு கேக்கறவங்கதான், ஆனா ரொம்ப நாளாப் படிக்கறவங்க எழுதறதைக் கவனிச்சுப் பாருங்க. கோவக்கார ஹீரோ கதாநாயகிய அறையறதை "சூப்பர் மாஸ்"னு கொண்டாடின அதே அக்காங்க, சில வருஷம் போன பொறவு "அடிச்சதுக்கு ஒரு மன்னிப்புக் கூடக் கேக்காம எப்படி சேத்து வெச்சீங்க"ன்னு கேக்கறாங்க. எழுதறவங்களும் மாத்தியிருக்காங்க, அறை வர்ற எடத்துல இப்ப பேச்சு வருது. இதை எந்த விமர்சகரும் செய்யலைங்க, படிச்ச பொம்பளைங்கதான் செஞ்சாங்க. அவங்களைத்தான் "டைம்பாஸ் வாசகி"ன்னு நம்ம ஆளுங்க எளக்காரமாப் பேசறது. எனக்கு அப்படியே கோவம் வருது.

கற்பனைக் கதைதான, மனசு லேசாகறதுக்குப் படிக்கறோம், இதுல என்னத்தைப் போயி ஆராய்ச்சின்னு கேப்பாங்க. மனசு லேசாகறதுக்குப் படிக்கறது தப்பே இல்ல, நாள் முழுக்க நின்னு வேலை செய்யற பொண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு சந்தோசமான முடிவு வேணும்தான். ஆனா நாவல்ல முப்பதாவது எபில பொண்ணோட அப்பா மனசு மாறி ஒத்துக்குவாரு. நம்ம பக்கம் 2016 மார்ச்சுல உடுமலை பஸ் ஸ்டாண்டு கிட்ட பட்டப்பகல்ல என்ன நடந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். சாதி மாறிக் கல்யாணம் பண்ணின சங்கரை வெட்டிக் கொன்னாங்க, அவரு சம்சாரம் கௌசல்யா காயத்தோட தப்பிச்சுது, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. அப்பா ஒத்துக்கிட்ட ஒரு எபிக்குக் கீழ ஒரு புள்ள எழுதியிருந்துச்சு, "எங்கூட்ல இந்தக் கதை நடந்தா எந்த எபில முடியும்னு எனக்குத் தெரியும்க்கா." அதுக்கு எழுதினவங்க பதில் போடல, மத்தவங்க எல்லாரும் ஹார்ட் போட்டுட்டு நகந்துட்டாங்க. எனக்கு அதை விட்டு நகர முடியல. சந்தோச முடிவு வேண்டாம்னு அந்தப் புள்ள கேக்கல, அப்பா மனசு எப்படி மாறுச்சுங்கறதைக் கொஞ்சம் நின்னு எழுதுங்கன்னு கேக்குது. அந்த ஒத்தை வரிய வெச்சு எங்க வட்டத்துல ஒரு மாலை முழுக்கப் பேசினோம், அம்மாமாரு சில பேரு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க, திரும்பியும் வந்தாங்க.

இனி குடி. போதை பத்தின புத்தகத்தை வாங்கறவங்களும் யாருக்காக வாங்கறாங்களோ அவங்களும் பெரும்பாலும் வேற வேற ஆளு. சம்சாரம் வாங்குவாங்க, அம்மா வாங்குவாங்க, காலேஜ் படிக்கற புள்ள வாங்கும். கொண்டு போயி டிவி மேல வெப்பாங்க, அவரு தொடவே மாட்டாரு. அதனால "இந்தப் புத்தகம் பிரயோசனமில்ல"ன்னு எழுதறதும் குடிக்காத ஆளாத்தான் இருக்கும். 2003ல இருந்து டாஸ்மாக் கடையே தெருவுக்கு வந்துருச்சு, இப்ப போன்ல ரம்மி ஆடிப் பணத்தை விட்டவங்க வீட்டுலயும் இதே கதை. இந்த வீடுகள்ல படிக்கறது எல்லாமே ஒளிச்சு வெச்சுப் படிக்கறதுதான்.

அந்தப் புத்தகங்கள்ல எனக்குப் பயம் தர்றது ஒண்ணு இருக்குது. மனவுறுதி இருந்தா நாளைக்கே விட்டுரலாம்னு சிலதுல எழுதியிருப்பாங்க, அதைப் படிச்சுட்டு "அன்னைக்கே நிறுத்திட்டாரு, அருமையான புத்தகம்"னு வாசகரும் எழுதிருவாங்க. வருஷக்கணக்கா தெனமும் நெறையக் குடிச்சவரு திடீர்னு நிறுத்தினா கை நடுக்கத்தோட நிக்காது, ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். டாக்டரு பார்வையிலதான் நிறுத்தோணும். ஜி.ஹெச்ல மனநலப் பிரிவு இருக்குது, 14416க்கு போன் பண்ணினா தமிழ்லயே பேசுவாங்க, போதை விடறதுக்குன்னே 14446 இருக்குது. ஒரு வாசகரு கமெண்ட்ல இந்த ரெண்டு நம்பரையும் போட்டுட்டாருன்னா அதை விடப் பெரிய விமர்சனம் அந்தப் புத்தகத்துக்குத் தேவையே இல்ல.

இத்தனைக்கும் இந்த வகையில ஒரு நல்ல வழி ரொம்ப காலமா இருக்குது. 1935ல அமெரிக்காவுல குடியில மாட்டின ரெண்டு பேரு சந்திச்சு ஆரம்பிச்சதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1939ல ஒரு புத்தகம் போட்டாங்க, முன்னாடி பாதியில வழிமொற, பின்னாடி குடியை விட்டவங்க அவங்கவங்க கதைய எழுதினது. அப்பறம் வந்த பதிப்புகள்ல வழிமொறைய அப்படியே வெச்சுட்டு, பின்னாடி இருக்கற கதைகளை மட்டும் புதுசு புதுசா மாத்தினாங்க. படிச்சு, செஞ்சு, தாண்டி வந்த வாசகருங்களே புத்தகத்துக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க, அதுவும் பேரு முழுசாச் சொல்லாம. நம்ம ஊருல பேரு வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுரும்னு பயப்படறவங்களுக்கு இதைத்தான் காட்டோணும்.

அதனால கேக்கறேன். போன வருஷமோ அதுக்கு முன்னாடியோ இந்த மூணுல ஏதாச்சும் ஒரு புத்தகம் வாங்கினவங்க எழுதுங்க. எந்தப் பக்கத்தைச் செஞ்சு பார்த்தீங்க, எது நடக்கல, நடுவுல எதுனால விட்டீங்க, வீட்டுல என்ன சொன்னாங்க. நல்ல தமிழ்லதான் எழுதோணும்னு இல்ல. காசு விசயம்னா தொகைய மறைச்சுக்குங்க, மத்ததுக்கு ஊரு பேரே வேண்டாம், இன்பாக்ஸ்ல அனுப்பினா நான் பேரில்லாமப் போடறேன். டைப் பண்ண நேரமில்லாத அக்காங்க வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நான் கேட்டு எழுதிக்கறேன். அனுப்பிச்சுட்டு உங்க போன்ல இருக்கறதை அழிச்சுருங்க.