பிள்ளைக்கு அமெரிக்கப் பாடத்திட்டமா? முதலில் எந்த வகுப்பு என்று பாருங்கள்

வெளிநாட்டுக்கு மாற்றல் உறுதியானதும், வீடு பார்ப்பதற்கு முன்பே பெற்றோர் தேடத் தொடங்குவது பள்ளியைத்தான். அமெரிக்கப் பாடத்திட்டம் நல்லதா, பிரிட்டிஷ் முறை நல்லதா, ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) நல்லதா என்று என்னிடமும் அடிக்கடி கேட்கிறார்கள். எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பிள்ளை இப்போது எந்த வகுப்பு, அந்த நாட்டில் எத்தனை வருடம் இருப்பீர்கள், அதற்கப்புறம் எங்கே போவீர்கள்: இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை நாடு மாறும் குடும்பத்துக்கு அமெரிக்க முறை மிகவும் தோதானது. அதற்குக் காரணம் கிரெடிட் கணக்கு, அதாவது முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் புள்ளி. உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடமும் ஒரு வருடத்திலோ ஒரு செமஸ்டரிலோ முடிந்துவிடும். முடித்த பாடத்துக்குரிய கிரெடிட் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில் (படித்த பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பதிவில்) ஏறிவிடும். அடுத்த வருடம் வேறு நாட்டுக்குப் போனாலும் அது பிள்ளையோடு வரும். பிரிட்டிஷ் முறையில் 10ஆம் வகுப்பு அளவிலான ஐஜிசிஎஸ்இ பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு, பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவல் இன்னொரு இரண்டு வருடம். ஐபி டிப்ளமோவும் 11, 12 இரண்டும் சேர்ந்த ஒரே படிப்புதான். நடுவில் கிளம்ப வேண்டி வந்தால், படித்த பாதிக்குப் பெரும்பாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் எந்த வருடம் மாறுகிறோம் என்பதைக் கவனமாகப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளியில் 9 முடித்த பிள்ளை பிரிட்டிஷ் பள்ளிக்குப் போனால் அது அங்கே இயர் 11 (பிரிட்டிஷ் முறையில் வகுப்பு எண் ஒன்று கூடுதல்), அதாவது ஐஜிசிஎஸ்இ படிப்பின் இரண்டாம் பாதி. அந்த வகுப்பில் புதிதாகச் சேர்க்கப் பள்ளிகள் தயங்கும். ஒரு வகுப்பு கீழே சேரச் சொல்வதும் உண்டு. 10 முடித்துப் போனால் ஏ லெவலையோ ஐபி டிப்ளமோவையோ முதலிலிருந்து தொடங்கலாம், சிக்கல் குறைவு. 11 முடித்துவிட்டு மாறுவது எந்தத் திசையிலும் கடினம். அமெரிக்க முறைக்குள்ளேயே மாறினாலும், கடைசி வருடத்தைத் தங்களிடம் படித்தால்தான் டிப்ளமோ (பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ்) தருவோம் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்படி ஒரு மாற்றல் வந்தால், முடிந்த குடும்பங்கள் பெற்றோரில் ஒருவர் பிள்ளையுடன் அங்கேயே தங்கி 12ஐ முடிக்க வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். செலவும் பிரிவும் சின்ன விஷயமல்ல, தெரியும். ஆனாலும் அந்த வயதில் நண்பர்கள், ஆசிரியர்கள், கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கி நடுவது பிள்ளைக்குப் பெரிய பாரம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 5ஆம் வகுப்புக்குள் எந்த முறையிலிருந்தும் எந்த முறைக்கும் சமாளித்துப் போய்விடலாம். வீட்டுக்குப் பக்கமாக, ஆசிரியர்கள் அன்பாக இருக்கிற பள்ளி போதும்.

சரி, பெரிய பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. 2010இல் வந்த காமன் கோர், ஆங்கிலத்துக்கும் கணக்குக்குமான தர அளவுகோல் மட்டுமே. அதையும் டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் ஏற்கவில்லை. அறிவியலுக்கு 2013இல் வெளியான என்ஜிஎஸ்எஸ் என்ற அளவுகோல் தனி. எனவே ஒரு பள்ளி ‘நாங்கள் அமெரிக்கப் பாடத்திட்டம்’ என்று சொன்னால் பேச்சு அங்கே முடியக் கூடாது. எந்தத் தர அளவுகோலைப் பின்பற்றுகிறீர்கள், எந்த மாநிலத்தினுடையது, எல்லா வகுப்புக்கும் அதுவேதானா என்று கேளுங்கள். நல்ல பள்ளி உடனே பதில் சொல்லும், ஆவணத்தையும் காட்டும். பெயரில் ‘அமெரிக்கன்’ இருப்பதாலேயே அந்நாட்டு அரசு நடத்தும் பள்ளி என்றும் நினைத்துவிடாதீர்கள். வெளிநாடுகளில் இருப்பவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள்.

பள்ளி சொல்வதை உறுதிப்படுத்த ஒரே வழி அங்கீகாரம். கோக்னியா, மிடில் ஸ்டேட்ஸ், வாஸ்க், 1885இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து அசோசியேஷன் என்று சில அமைப்புகள்தான் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் அங்கீகாரம் தருகின்றன. பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்துக்குப் போய்ப் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் ஒன்றல்ல; எந்தெந்த வகுப்புகளுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். நாளைக்கு இன்னொரு பள்ளியோ பல்கலைக்கழகமோ கிரெடிட்டை ஏற்குமா என்று பார்க்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். கட்டணம் கட்டும் முன் இந்த ஒன்றையாவது செய்யாமல் விடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அடுத்தது கணக்கும் அறிவியலும். வேறு முறையில் படித்து வரும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளில் கணக்கு, அல்ஜிப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று வருடத்துக்கு ஒன்றாகப் போகும். எல்லாவற்றையும் கலந்து படித்த பிள்ளைக்கு ஜியோமெட்ரியில் பாதி தெரிந்திருக்கும், அல்ஜிப்ராவில் ஏதோ ஒரு பகுதி விட்டுப்போயிருக்கும். சேரும்போது வைக்கும் தேர்வில் தூக்கக் கலக்கமும் புது ஊர்ப் பதற்றமுமாகப் பிள்ளை மதிப்பெண்ணைக் கோட்டை விட்டால், ஒரு படி கீழே போட்டுவிடுவார்கள். 9இல் அப்படி நடந்தால் 12இல் கால்குலஸ் எட்டாமல் போகலாம். பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது நேரடி இழப்பு. பழைய பள்ளியின் பாடப்பட்டியலையும் விடைத்தாள்களையும் கொண்டுபோய்க் காட்டி, மறுபடி தேர்வு வைக்கச் சொல்லிக் கேட்கப் பெற்றோர் தயங்கவே கூடாது. அறிவியலிலும் வழக்கமாக ஒரு வருடம் உயிரியல், ஒரு வருடம் வேதியியல், ஒரு வருடம் இயற்பியல். ஆழம் கிடைக்கும், ஆனால் மூன்றையும் சேர்த்தே கடைசி வரை படிக்கும் நாட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள் என்றால் இடைவெளி விழும். மருத்துவப் படிப்புக்கு 11, 12இல் இந்தப் பாடங்கள் கட்டாயம் என்று சில நாடுகளில் விதி இருப்பதால், பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்பும் அன்றே அதை மனதில் வைக்க வேண்டும்.

மதிப்பீட்டு முறையும் வேறு. கடைசித் தேர்வில் அள்ளிவிடலாம் என்று இருக்கும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் அதிர்ச்சியாக இருக்கும். வீட்டுப்பாடம், சின்னச் சின்னத் தேர்வு, ப்ராஜெக்ட், வகுப்பில் வாய் திறந்து பேசுவது எல்லாமே கிரேடில் சேரும். தாமதமாகக் கொடுத்தால் பல இடங்களில் மதிப்பெண் குறையும். 9ஆம் வகுப்பிலிருந்தே இந்த கிரேடுகள் ஜிபிஏ என்ற சராசரியாகத் திரண்டு கல்லூரி விண்ணப்பம் வரை வரும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் பெற்றோர், பள்ளி தொடங்கிய முதல் வாரங்களிலேயே ஆசிரியரிடம் இதைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. எனக்கு இந்த முறை பிடிக்கும். ஒரே நாள் காய்ச்சலில் ஒரு வருட உழைப்பு போய்விடாது.

டிப்ளமோவை வாங்கிக்கொண்டு எங்கே போவது என்பதையும் 9ஆம் வகுப்பிலேயே யோசியுங்கள். அமெரிக்கா, கனடா என்றால் பெரிய தடையில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் டிப்ளமோ மட்டும் போதாது. ஏபி தேர்வு மதிப்பெண்ணும் எதிர்பார்ப்பார்கள். ஏபி என்பது காலேஜ் போர்டு நடத்தும் கல்லூரித் தரப் பாடங்கள், ஏறத்தாழ 40 இருக்கின்றன, மதிப்பெண் 1 முதல் 5 வரை. பள்ளியில் எந்தெந்த ஏபி பாடங்கள் உண்மையிலேயே நடக்கின்றன என்று கேளுங்கள். காலேஜ் போர்டு அனுமதித்த பாடங்களின் பட்டியலான ஏபி கோர்ஸ் லெட்ஜரில் நீங்களே தேடியும் பார்க்கலாம். இந்தத் தேர்வுகள் மே மாதத்தில் மட்டுமே நடக்கும். கம்பெனி மார்ச்சில் கிளம்பச் சொன்னால், ஜூன் வரை தள்ளிக் கேளுங்கள். இல்லையென்றால் புது ஊரில் தேர்வெழுத வேறு பள்ளியை முன்கூட்டியே தேடி வையுங்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பிக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அந்த நாட்டில் சமநிலைச் சான்றிதழ் (வெளிநாட்டுப் படிப்பு உள்நாட்டுப் படிப்புக்குச் சமம் என்ற சான்று) தரும் அமைப்பின் விதிகளை இப்போதே படித்துவிடுங்கள். 12 முடித்தபின் படித்தால் மாற்ற ஒன்றும் இருக்காது.

கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்குள் அரசுப் பள்ளிகளுக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான ஐடிஇஏ என்ற சட்டம் இருக்கிறது. அதன் வேர் 1975ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைக்கென்று ஐஇபி என்ற தனிநபர் கல்வித் திட்டம் எழுதி நிறைவேற்ற வேண்டிய கடமை அதனால் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் தனியார் பள்ளியை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ‘எல்லாப் பிள்ளைகளையும் அரவணைக்கிறோம்’ என்ற வாசகம் போதாது. சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்குத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையின் அறிக்கைகளை மறைத்து அட்மிஷன் வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பள்ளிக்குத் தெரியாமல் போனால் தனியாகத் தவிக்கப் போவது பிள்ளைதான்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக: கம்பெனி தருகிறது என்றால் பஸ், மூலதனக் கட்டணம் (பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கு வாங்குவது), மொழி உதவி வகுப்பு எல்லாம் அதில் அடங்குமா என்று பாருங்கள். வேலை போனால் அந்த வருடக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பள்ளியை விட்டுக் கிளம்பும்போதும் சீலிட்ட டிரான்ஸ்கிரிப்ட், ஒவ்வொரு பாடத்தின் விவரக்குறிப்பு, கிரேடு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற விளக்கம், கணக்கு ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிரதியும் அசலும் இரண்டும் வேண்டும். ஜூனில் விடுமுறை விட்டால் அலுவலகத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம், ஆகஸ்டில் புதுப் பள்ளி அதே காகிதத்தைக் கேட்கும். மே மாதமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.