பொன்மண்டபம் எப்போது கட்டியது?

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள கின்காகுஜி கோயிலின் பொன்மண்டபம் 1397 முதல் அப்படியே நிற்கிறது என்று ஒரு நண்பர் எழுத, பலரும் அதைப் பகிர்ந்துவருகிறார்கள். குளமும் தோட்டமும் பழையவைதான். ஆனால் மண்டபம் 1950 ஜூலையில் இளந்துறவி ஒருவர் வைத்த தீயில் எரிந்துபோனது. இன்று எல்லோரும் படமெடுப்பது 1955இல் மறுபடி எழுப்பியது. கண்ணைப் பறிக்கும் அந்தத் தங்க ரேக்கு 1987இல் புதிதாக ஒட்டி முடித்தது. (கூரை உச்சியிலிருந்த பழைய வெண்கலப் பறவை மட்டும், முன்பே கழற்றி வைத்திருந்ததால், பிழைத்துக்கொண்டது.)

சரிபார்ப்பது எளிது. ஜப்பான் அரசின் பண்பாட்டு முகமை இணையத்தில் வைத்திருக்கும் தேசியப் பொக்கிஷப் பட்டியலில் கட்டடங்களைத் தேடிப் பாருங்கள். அதே ஊரின் வெள்ளி மண்டபம் அதில் இருக்கும், பொன்மண்டபம் இருக்காது. தீவிபத்துக்கு முன்பு அதற்கும் அந்தத் தகுதி இருந்தது.