கேரக்டர் ஷீட்ல ஒரு கோடு போட்டதுக்கு இவ்ளோ பஞ்சாயத்தா?

மூணு வருஷமா சனிக்கிழமை ராத்திரியானா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற கும்பல் நாங்க. ஆளுக்கொரு பாத்திரமா மாறி, பகடை உருட்டி, பேசியே கதையை நகர்த்தற விளையாட்டு. போன வாரம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற கற்பனை உலகத்துல புது ஆட்டம் ஆரம்பிச்சோம். என் பாத்திரமா நான் ஒரு ரோக் எழுதினேன், அதாவது திருட்டு வேலை தெரிஞ்சவ. துறைமுகத்துல மூட்டை தூக்கின பொண்ணு. தங்கச்சி காய்ச்சல்ல போயிட்டா, அதுக்கப்புறம் பூட்டு உடைக்கக் கத்துக்கிட்டா. பாத்திரத்தோட விவரம் எழுதற ஷீட்ல, அவ கும்பிடற தெய்வம்னு இருந்த இடத்துல ஒரு கோடு போட்டேன். அவ்ளோதான் நான் செஞ்ச பாவம்.

ஆட்டத்தை நடத்துற டிஎம் பாத்துட்டுச் சிரிக்கிறான். "மச்சி, இங்க சாமி நிஜமாவே இருக்குடா. நடந்து வரும், பேசும், அடிக்கும். இல்லைன்னு சொல்றவ லூசுதான். ஷீட்ல இன்டெலிஜென்ஸ் மார்க்கை எட்டுக்குக் கொறைச்சுக்கோ." மத்தவங்க எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிப்பு.

எந்த டேபிள்ல உக்காந்தாலும் எனக்கு இதே டயலாக்தான். டேய், அவ எங்கடா இல்லைன்னு சொன்னா? கும்பிட மாட்டேன்னா. மாடி வீட்டுக்காரர் இருக்காருன்னு எனக்கும் தெரியும், அதுக்காக தினம் அவர் கால்ல விழணுமா? எதிர்ல நிக்கிறது சிவன்தான்னு தெரிஞ்சும் பாட்டுல குத்தம் குத்தம்தான்னு நின்னாரே நக்கீரர், அவர் இன்டெலிஜென்ஸும் எட்டா?

அவ ஏன் கும்பிட மாட்டான்னு கேட்டிருந்தா கணக்கே காட்டியிருப்பேன். 2014ல வந்த ரூல் புக்படி, செத்து பத்து நாளைக்குள்ள ரெய்ஸ் டெட்ங்கிற மந்திரம் போட்டா ஆளு எழுந்துடும், சாதா வியாதியும் சேர்த்துக் குணமாகிடும். அதுக்கு வேண்டியது 500 கோல்டு காசு மதிப்புள்ள வைரம். அதே புத்தகத்துல மூட்டை தூக்குறவங்களுக்குக் கூலி ஒரு நாளைக்கு ரெண்டு சில்வர். பத்து சில்வர் ஒரு கோல்டு. அப்போ அந்த வைரத்துக்கு 2500 நாள் கூலி. சோறு தண்ணி இல்லாம, லீவு போடாம உழைச்சாலும் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி! சாமி இருக்கு, சக்தியும் இருக்கு, தங்கச்சியைத் திருப்பித் தரவும் முடியும். காசு இல்லேன்னா கிடையாது. இதைப் பாத்துட்டு ஷீட்ல கோடு போடுறவ லூசா?

சரி, அந்த சாமிங்க யாருன்னாவது பாருங்க. அந்த உலகத்துக் கணக்குல 1358ல, எல்லாருக்கும் மேல இருக்கிற ஆவோ கிட்டத்தட்ட அத்தனை சாமியையும் பூமிக்குத் தள்ளிவிட்டான். அந்தக் கலவரம் முடியறப்போ சிரிக்னு ஒரு திருடன் சாமியாயிட்டான். மிட்நைட்னு ஒரு மந்திரக்காரி சாமியாயிட்டா. அவங்ககூட சுத்திட்டிருந்த கூலிப்படைக்காரன் கெலெம்வோர் கொஞ்ச வருஷம் கழிச்சு செத்தவங்களுக்குத் தீர்ப்பு சொல்ற சாமி. நாளைக்கு எங்க கூட்டத்துல சண்டை போடுற ஃபைட்டருக்கும் இந்தப் பதவி கிடைக்கலாம். என்கிட்ட வாங்கின நாப்பது கோல்டை இன்னும் தரலை அவன். அவனுக்கு நான் கற்பூரம் காட்டணுமாம்.

எனக்கு வயிறு எரியறது அந்தச் சுவரை நினைச்சாத்தான். அந்த உலகத்துல எந்த சாமியையும் கும்பிடாம செத்தா, உயிரை ஒரு சுவத்துல வெச்சுப் பூசிடுவாங்க. செங்கல்லுக்குப் பதிலா ஆத்மா. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு காணாமப் போகணும். நல்லவளா கெட்டவளான்னு ஒரு கேள்வி கிடையாது. கட்டினது மிர்குல்னு பழைய சாவு சாமி. அந்தக் கலவரத்துக்கப்புறம் சாமிங்களோட பலமே பக்தர்களை வெச்சுத்தான்னு ஆவோ விதி போட்டாச்சு. அப்போ அந்தச் சுவர் என்ன? கும்பிடலேன்னா பூசிடுவேன்னு மிரட்டி வாங்கற மாமூல்! மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்னு 2007ல வந்த கம்ப்யூட்டர் கேம்ல இந்தச் சுவருக்கு எதிராவே ஒரு படையெடுப்பு வரும். ராத்திரி முழுக்க முழிச்சு ஆடினேன், எந்த முடிவுலயும் சுவர் இடியலை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் போடுற கம்பெனியே 2020ல திருத்தம் போட்டு, 2015ல வந்த புத்தகத்துலேர்ந்து அந்தச் சுவர் வர்ற பத்தியைத் தூக்கிடுச்சு. எங்க டிஎம் மட்டும் "லோர்னா லோர்தான் மச்சி"ங்கிறான், அந்த உலகத்தோட பழைய கதையை மாத்தக் கூடாதாம்.

சாமி சக்தியில மந்திரம் போடுற கிளெரிக் காயத்தை ஆத்துறானே, அது ஆதாரம் இல்லையான்னு ஒருத்தன். அதே க்யூர் வூண்ட்ஸ் மந்திரத்தைப் பாட்டுக்காரன் பார்டும் போடுறான்டா, பாட்டுப் பாடி! இதே விளையாட்டுல டார்க் சன்னு இன்னொரு உலகம், அங்க சாமியே கிடையாது, கொடுங்கோல் ராஜாக்கள்தான் தன் ஆளுங்களுக்கு மந்திரம் தர்றாங்க. பிளேன்ஸ்கேப் உலகத்துல ஆதார்னு ஒரு கூட்டம், நீங்க சாமின்னு சொல்றதெல்லாம் வெறும் பலசாலிங்கதான்னு வாதம் பண்ணுது. எபெரான் உலகத்துல சாமிங்க நேர்ல வர்றதே இல்ல. அங்கதான் ஒரு பூசாரிக்கு ராத்திரி தூக்கம் வராம சந்தேகம் வர வழி இருக்கு. எழுதத் தெரிஞ்சவங்க எப்பவோ எழுதிட்டாங்க.

இந்தக் கூத்துல எங்க கிளெரிக்கை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. லாதாண்டர்னு எழுதியிருக்கான், விடியலுக்கான சாமி. ஏன் அவர்? அவரோட லைஃப் டொமைன்ங்கிற பிரிவை எடுத்தா காயம் ஆத்துற சக்தி எக்ஸ்ட்ரா. போன ஆட்டத்துலயும் இவன் கிளெரிக்தான், பதினாலு செஷன்ல ஒரு தடவை சாமி பேரைச் சொல்லலை. கம்யூன் மந்திரம் போட்டு சாமிகிட்ட மூணு கேள்வி கேப்பான், ஆமா, இல்லைன்னு பதில் வரும், கட் பண்ணிடுவான். கஸ்டமர் கேர்கிட்டகூட நாம தேங்க்ஸ் சொல்லுவோம். இவன் பக்தனாம், என் ரோக் நாத்திகியாம்.

எங்க அப்பத்தா ஒரு வருஷம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கலை. சித்தப்பா தவறின வருஷம். கோயில் வாசல்ல நின்னு, "உனக்கும் எனக்கும் இனி பேச்சு இல்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அந்தத் தெருவுல யாரும் அவங்களை லூசுன்னு சொல்லலை. என் ரோக்கை எழுதறப்போ மனசுல அவங்கதான் இருந்தாங்க. டேபிள்ல இதைச் சொல்ல வாய் வரலை, அது வேற எரிச்சல்.

நேத்து டிஎம் வாட்ஸ்அப் பண்ணான். "பிரச்சினை வேணாம்டா, சும்மா பேருக்கு ஏதாவது ஒரு சாமியை எழுதிடேன்."

சும்மா பேருக்காம்! போன வாரம் பென்சில்லதான் கோடு போட்டிருந்தேன். இப்போ பேனாவால, அதே கோட்டு மேல, ரெண்டு தடவை இழுத்திருக்கேன்.