"எந்த வருஷம் தம்பி?"

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் மாமாவின் படத்தை வைத்துக்கொண்டு போறவர் வாறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நின்றேன். தமிழ் முகமாகத் தெரிந்த ஒருவரிடமும் நீட்டினேன். ஐம்பது வயதிருக்கும். படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு மெல்லமாகக் கேட்டார்: "எந்த வருஷம் தம்பி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "முந்தாநாள் ஐயா" என்றேன்.

அவர் முகத்தில் வந்தது நிம்மதியா பொறாமையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாமாவுக்கு 74 வயது. இரண்டு வருஷமாக மறதி வியாதி. வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் இருந்தவர், வியாழக்கிழமை பின்னேரம் பேப்பர் வாங்க இறங்கினார், திரும்பவில்லை. கடற்கரை ரயில் பாதை, மயூரபதி அம்மன் கோயில், பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில், பெரியாஸ்பத்திரி, களுபோவில ஆஸ்பத்திரி என்று இரவிரவாக அலைந்தோம். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், "24 மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாங்கோ" என்றார் ஒருவர். அப்படி ஒரு சட்டம் கிடையாது. உங்களுக்கும் யாராவது சொன்னால் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். மறதிக்காரருக்கும் சின்னப் பிள்ளைக்கும் முதல் சில மணித்தியாலம்தான் பெரிய விஷயம். நாங்கள் எழும்பவில்லை, எழுதினார்கள். எழுதியது சிங்களத்தில். கையெழுத்து வைக்க முன்னம் வாசித்துக் காட்டச் சொன்னேன். நொண்டுகிற இடது கால் அதில் வலது காலாகியிருந்தது.

இனி அன்றிரவு மச்சான் இணையத்தில் போட்ட பதிவுக்கு வருகிறேன். "எங்கள் பாசமிகு அப்பாவைக் காணவில்லை, கண்டவர்கள் தொடர்புகொள்ளவும், தயவுசெய்து பகிரவும்." கீழே ஒரு படம்: எட்டு வருஷத்துக்கு முந்திய கல்யாண வீட்டில் கோட்டும் ரையுமாக, மீசைக்கு டை அடித்து, மாலை போட்டபடி. தேதி இல்லை, எந்த ஊர் என்று இல்லை, என்ன உடுப்பு என்று இல்லை. விடிய முன்னம் அறுநூறு பகிர்வு. எங்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் யார் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பாதிக்கு மேல் ஸ்காபரோவும் லண்டனும். அவர்கள் மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாமா ஸ்காபரோ ரோட்டில் நடக்கவில்லையே.

கீழ்வீட்டுச் சிங்கள அக்காதான் வெள்ளிக்கிழமை இரவு வந்து, "இதை யார் வாசிக்கிறது மல்லி (தம்பி)?" என்று கேட்டார். 101 பஸ் கொண்டக்டரும், ஸ்டேஷனில் வடை விற்கிறவரும், ஓட்டோக்காரரும், ஆஸ்பத்திரி அட்டெண்டனும் எந்தப் பாஷையில் வாசிப்பார்கள் என்ற யோசனை எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. அவரே இருந்து சிங்களத்தில் எழுதினார். அந்தக் கிழமை எடுத்த படம்: மூன்று நாள் தாடி, கண்ணாடி இல்லை. பச்சைக் கட்டம் போட்ட சேட்டு, கறுத்த நீளக் காற்சட்டை, இடது கால் நொண்டும், பேரைக் கேட்டால் சொல்வார், வீட்டைக் கேட்டால் யாழ்ப்பாணம் என்பார். கடைசியாகக் கண்ட நேரம், இடம், முறைப்பாடு கொடுத்த பொலிஸ் நிலையம். அதை ரயிலில் தினம் வேலைக்குப் போய் வருகிறவர்களின் குழு ஒன்றிலும் போட்டார்.

மாமா யாழ்ப்பாணத்துக்குத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் மாத முடிவில் சம்பளத்தோடு ஊருக்குப் போகிற பழக்கம் காலில் மிஞ்சி இருந்திருக்கிறது. கண்டிப் பக்கம் போகிற ரயிலில் மாறி ஏறி, வடக்குப் பாதை பிரிகிற பொல்கஹவெலயில் சரியாக இறங்கி, யாழ்தேவி வரும் என்று வாங்கில் இருந்தபடி காத்திருந்தவர். இரண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த வடைக்காரப் பெடியன் அந்தச் சிங்களப் பதிவைக் கண்டான். அவன் அடையாளம் பிடித்தது முகத்தை வைத்து அல்ல, சேட்டை வைத்து.

அறுநூறு பகிர்வு செய்யாததை ஒரு சேட்டு செய்தது. அதுதான் நான் சொல்ல வந்தது. பகிர்வது ஒரு வேலை, காண்கிறவரின் கண்ணுக்கு எட்டச் செய்வது வேறு வேலை. நாங்கள் முதலாவதைச் செய்து போட்டு இரண்டாவதும் முடிந்தது என்று படுத்துவிடுகிறோம்.

மூன்றாவது வேலையும் இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை: பதிவை மூடுவது. மாமா கிடைத்த அன்றே மச்சான் தன் பதிவை அழித்தான். ஆனால் வட்ஸ்அப்பில் போனதை யார் அழிப்பது? மாமா இந்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு நடந்துகொண்டிருக்க வவுனியாவில் இருந்து ஒரு கோல். "அண்ணை, உங்கட ஐயாவை இப்பத்தான் பஸ் ஸ்டாண்டில கண்டனான்." நல்ல மனுஷன், உண்மையாகவே உதவத்தான் எடுத்தார். மாமி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா.

அதனால் தேதி இல்லாத பதிவை நான் இப்போது பகிர்வதில்லை. முதலில் அதில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, ஆள் கிடைத்தாரா என்று கேட்பேன். ஒரு நிமிஷ வேலை. பாதிக்குப் பாதி "ஓம், போன வருஷமே கிடைச்சிட்டார்" என்பார்கள். இன்னொன்று, அடையாளம் முழுவதையும் பதிவில் கொட்டாதீர்கள். ஒரு தழும்பு, ஒரு மோதிரம், ஏதாவது ஒன்றை மறைத்து வையுங்கள். எங்களுக்கும் ஒருவன் எடுத்து, "ஆள் என்னிட்டத்தான் இருக்கிறார், போனுக்கு ரீலோட் போடுங்கோ" என்றான். கழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

இளம் பெண்ணைக் காணவில்லை என்று வரும் பதிவுகளில் எனக்கு இன்னும் ஒரு தயக்கம் உண்டு. காணாமல் போன எல்லாரும் தொலைந்தவர்கள் அல்ல, தப்பி ஓடியவர்களும் இருக்கிறார்கள். தேடுகிறவன் அடித்த புருஷனாகவே இருக்கலாம். பொலிஸ் முறைப்பாடு பற்றி ஒரு வரியும் இல்லாத பதிவு என்றால் விட்டுவிடுங்கள். கண்டால் கீழே கொமென்றில் "இன்ன சந்தியில் நிற்கிறா" என்று எழுதாமல் 119-க்கோ, பெண்களுக்கான 1938-க்கோ சொல்லுங்கள். சின்னப் பிள்ளை என்றால் 1929.

சரி, அந்த ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். தமிழ் ஆள் ஒருவன் கையில் படத்தோடு நின்றால் "எந்த வருஷம்" என்று கேட்கிற நாடு இது. கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலுக்கு முன்னால், பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அம்மாமார் போராட்டம் இருக்கத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. அந்தக் கொட்டிலில் இருந்தபடியே பிள்ளையைக் காணாமல் கண்ணை மூடிய தாய்மார் எத்தனை பேர். 2016-ல் சட்டம் வந்தது, 2018-ல் காணாமல் போனோருக்கான அலுவலகமும் வந்தது. 'போனோர்' என்ற அந்தச் சொல்லையே அம்மாமார் ஏற்கவில்லை. அவர்கள் போகவில்லை, ஆக்கப்பட்டார்கள் என்பது அவர்கள் பக்கக் கதை. எனக்கும் அதுதான் சரி.

கொழும்பில் இருக்கிற நாங்கள் இதில் என்ன செய்கிறோம்? காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஓகஸ்ட் 30 வந்தால் ஒரு கறுப்புப் படம் போடுகிறோம். சீதுவைக்குக் கிட்ட ரத்தொலுவைச் சந்தியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 27-ம் அங்கே சிங்களத் தாய்மார் விளக்கேற்றுகிறார்கள், 80-களின் முடிவில், ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக. எத்தனையோ தடவை எயார்போர்ட் போய் வந்தும் நான் அங்கே ஒரு தடவைகூட இறங்கியதில்லை. கீழ்வீட்டு அக்கா சொல்லித்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். அவருடைய அண்ணன் ஒருவர் அந்தச் சின்னத்தின் சுவரில் படமாக இருக்கிறார். எங்கள் பதிவை அவர் ஏன் அப்படி எழுதினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2025 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எடுத்த பொருட்களை மக்கள் வந்து அடையாளம் காட்டுவதற்காகப் பார்வைக்கு வைத்தார்கள். உடுப்புகள், பிள்ளைகளின் சாமான்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகும் கேள்வி அதே கேள்விதான்: அன்றைக்கு என்ன சேட்டு? அதற்குப் பதில் தெரிந்த தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு அம்மா இருந்தால் போய் இருந்து கேளுங்கள். பேர், தேதி, என்ன உடுத்தியிருந்தார், பல்லில் கட்டு இருந்ததா, கை முறிந்ததா. எழுதி வையுங்கள், அவ பேசுவதை போனில் பிடித்து வையுங்கள். "இன்னுமா அதை நினைச்சுக்கொண்டு" என்று மட்டும் கேட்காதீர்கள்.

இவ்வளவும் எழுதுகிற நானே அன்றைக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐயா என் படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, பேர்சைத் திறந்து லமினேட் பண்ணின சின்னப் படம் ஒன்றை எடுத்தார். தம்பியாம். 2009 மே, போர் முடிகிற நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் வரை பக்கத்தில் வந்தவனாம். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மச்சான். ஆள் பொல்கஹவெலயில், உயிரோடு. நான் கத்தியது ஐயாவுக்கும் கேட்டிருக்கும். "ஓடுங்கோ தம்பி, கண்டி ரயில் நிக்குது" என்றார். ஓடினேன்.

படத்தில் இருந்த பெடியனின் பேரைக் கேட்கவில்லை. நீலச் சேட்டு போட்டிருந்தான்.