ஊசி எனக்கு மட்டும்தானா?

2009இல் பெரியவனை வயிற்றில் சுமந்துகொண்டு முதல் பரிசோதனைக்குப் போனேன். தாதி மூன்று நான்கு குழாய்களில் இரத்தம் எடுத்தார். ஒன்று எச்ஐவிக்கு. 2004 இறுதியிலிருந்து சிங்கப்பூரில் கர்ப்பிணிகளுக்கு இது வழக்கமான சோதனை. வேண்டாம் என்று மறுக்கலாம், ஆனால் யாருக்கு அந்த நினைப்பு வரும்? திட்டத்தைக் குறை சொல்லவில்லை. தாய்க்கு முன்பே தெரிந்து மருந்து எடுத்தால் குழந்தைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஆனால் எனக்கு ஊசி குத்திய நேரத்தில் என் வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனைக்கும் இங்கே புதிதாகத் தொற்று கண்டறியப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள். அவர்களில் பலருக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரியவே வருகிறது.

ஆணுறை பயன்படுத்துங்கள் என்கிறார்கள். சரி, போட வேண்டியது அவர். கேட்க வேண்டியது யார்?

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் மாதம் தவறாமல் கூட்டாளிகளோடு பக்கத்திலுள்ள இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் போவார். எதற்கென்று புளோக்குக்கே தெரியும். ஒருநாள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி அக்காவிடம் ஆணுறைப் பேச்சை எடுத்தேன். "உறை போட்டுக்கோங்கன்னு நான் சொன்னா, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேப்பாருடி" என்றார். ஊர் சுற்றுவது அவர், சந்தேகம் விழுவது இவர்மேல்! அக்காவிடம் இருந்தது சிங்கப்பூரில் தங்குவதற்கான நீண்டகால வருகை அனுமதி. அதற்கு ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டவரும் அதே கணவர்தான். அந்தக் கையெழுத்தை நம்பி இருக்கிற பெண் படுக்கையில் எந்தத் தைரியத்தில் பேரம் பேசுவாள்?

சட்டமும் அன்று அவள் பக்கம் இல்லை. மனைவியின் சம்மதமில்லாமல் உறவு கொண்டாலும், பிரிந்து வாழ்வது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கணவன்மேல் வல்லுறவுக் குற்றம் சாட்ட முடியாமல் இருந்தது. 1 ஜனவரி 2020இல்தான் கணவனுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பை முழுதாக நீக்கினார்கள். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கே மதிப்பில்லாத வீட்டில், 'உறையோடு வேண்டும்' என்று எப்படிச் சொல்வது?

சின்னவள் வயிற்றில் இருந்தபோது என் வீட்டுக்காரரிடம் நீங்களும் எச்ஐவி சோதனைக்கு இரத்தம் கொடுங்கள் என்றேன். "என்னையா சந்தேகப்படுற?" என்றார். "என்னை மட்டும் சந்தேகப்பட்டா குத்துனாங்க?" என்று கேட்டேன். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை, பெயரும் அடையாள அட்டையும் கேட்காமல் சோதிக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று அவராகவே கேட்டார்.